சரோவுக்கு, அந்த ஒரு தாளைப் பற்றி

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள சரோ,

பெர்த்தில் குளிர் விட்டதா, முட்டிவலி எப்படி, இரண்டுக்கும் பதில் எழுது. இங்கே எல்லாரும் சுகம். மகள் வேலை மாறிவிட்டாள், அவர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், தேக்கா பூக்கடைக்காரம்மா இன்னும் உன்னைக் கேட்கிறார். விசாரிப்பு போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

நம் குழுவில் நீ போட்ட செய்தியைப் பார்த்தேன். வசூலான பணத்தில் எங்கள் வீட்டுக்காரர் ஊர்ப் பள்ளிக்குப் பெரிய தொலைக்காட்சித் திரை வாங்கிக் கொடுத்து, நம் பெயரில் ஒரு பலகை வைக்கலாம் என்கிறாய். உமாபதி உடனே கட்டைவிரலைத் தூக்கிவிட்டான். அவன் எதற்குத்தான் தூக்கவில்லை, மலாக்கா பயணத்திலிருந்தே அப்படித்தானே! நான் பதில் போடவில்லை. குழுவில் எழுதினால் நாலு வரியில் சண்டையாகிவிடும். உனக்கு மட்டும் எழுதுகிறேன், முழுதாகப் படித்துவிட்டுத் திட்டு.

டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போனோம் இல்லையா, அறந்தாங்கிப் பக்கம். நாத்தனார் மகள் ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள். அசர் கணக்கெடுப்புக்குப் போய்வந்தவள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் வருகிறதா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005இல் தொடங்கியது அது. முதலில் ஆண்டுதோறும் எடுத்தார்கள், பிறகு பெரும்பாலும் ஓர் ஆண்டு விட்டு ஓர் ஆண்டு. இந்தியாவின் கிராமப்புற மாவட்டங்கள் அநேகமாக எல்லாவற்றிலும், மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. ஊரை நாலு பகுதியாகப் பிரித்து, இடது கைப் பக்கமாகவே நடந்து, ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு. எந்த வீட்டில் கெட்டிக்காரப் பிள்ளை இருக்கிறது என்று யாரும் கைகாட்ட முடியாது.

பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஏன் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்துல அன்னைக்கு வந்த பிள்ளைங்கதானே அத்தை இருப்பாங்க" என்றாள். ஆடு மேய்க்கப் போனவன், நின்றுவிட்டவள், வேன் ஏறித் தனியார் பள்ளிக்குப் போகிறவன் எல்லாரும் வீட்டில்தானே அகப்படுவார்கள். எனக்கு அந்த ஒரு பதிலிலேயே இதை யோசித்தவர்கள் மேல் மரியாதை வந்துவிட்டது.

சோதனைத் தாளும் அவளிடம் இருந்தது. ஒரே ஒரு தாள். எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவில் நாலு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சின்னக் கதை. பத்தியில்தான் ஆரம்பிப்பார்கள். சரளமாக வாசித்தால் கதை, தடுமாறினால் சொல், அதுவும் வராவிட்டால் எழுத்து. கணக்கிலும் அப்படியே, கடன் வாங்கிக் கழித்தலில் தொடங்கி மேலேயோ கீழேயோ போவார்கள். பிள்ளை தொடும் கடைசிப் படி எதுவோ அதைக் குறித்துக்கொள்வார்கள். மதிப்பெண் கிடையாது.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் எங்கள் திண்ணையிலேயே கிடப்பான். ஐந்தாம் வகுப்பு. அவனுடைய தமிழ்ப் புத்தகத்தை விரித்துக் கொடுத்தால் கணீரென்று ஒப்பிக்கிறான், கண் பக்கத்திலேயே இல்லை. அந்தத் தாளில் இருந்த நாலு வரியைக் காட்டினோம். முதல் சொல்லில் விரலை வைத்தான். எழுத்து எழுத்தாகக் கூட்டினான். மூன்றாவது சொல்லுக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துவிட்டது. மேலே எங்கள் முகத்தைப் பார்த்தான், ஏதாவது உதட்டசைவு கிடைக்குமா என்று. சரோ, இத்தனை வருடம் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான், அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இவ்வளவு காலம் வகுப்பை அவன் ஓட்டியதே அந்தப் பார்வையை வைத்துத்தான்.

பிறகு 46இல் 29 போக எவ்வளவு என்று எழுதச் சொன்னாள். 23 என்று எழுதினான். ஒன்பதிலிருந்து ஆறைக் கழித்துவிட்டான். நான், "டேய், 46 ரூபாய் எடுத்துட்டுப் போய் 29 ரூபாய்க்குச் சாமான் வாங்கினா கடைக்காரர் மீதி எவ்வளவு தருவார்?" என்றேன். வாய் மூடுவதற்குள் "பதினேழு" என்றான். அவனா மக்கு? அவன் அம்மா வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "தினம் போறானேம்மா, ஒரு நாளும் லீவு போட்டதில்லையே" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

இவன் ஒருவன் கதை இல்லை இது. அசரின் 2024 அறிக்கைப்படி கிராமப்புற இந்தியாவில் 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 98 பேர் பள்ளியில் பெயர் எழுதியிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிப்பவர்கள் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. மூன்றாம் வகுப்பில் கால்வாசிதான். தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. மறு ஆண்டு அளந்தபோது மூன்றாம் வகுப்பில் அந்தக் கதையை வாசித்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்கு இறங்கிக் கிடந்தார்கள். அதற்கப்புறம் ஏறியிருக்கிறது. உடனே நம் ஊர்ப் பள்ளி எத்தனையாவது இடம் என்று கேட்காதே. கிராமத்துக்கு 20 வீடு பார்த்துவிட்டு ஒரு பள்ளியையோ ஓர் ஊரையோ எடைபோட முடியாது. மாநிலத்தைப் பற்றிச் சொல்லத்தான் அந்த எண். அதை எடுத்துக்கொண்டு ஆசிரியர்களைத் திட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாடப்புத்தகம் வகுப்பைப் பார்த்து நகர்கிறது, பிள்ளையைப் பார்த்து அல்ல. இரண்டாம் வகுப்பில் பிடி நழுவியவனுக்கு மூன்றாம் வகுப்பில் யார் திரும்பிப் போய்ச் சொல்லிக்கொடுப்பது? பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை.

இங்கே பார். தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த உடனே ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறும் பிள்ளையைக் கண்டுபிடித்து, சிறு குழுவாக உட்காரவைத்துவிடுகிறார்கள். காத்திருப்பதில்லை. திரும்பி வந்ததும் அதே தமிழ்த் தாளைப் பேரனிடம் கொடுத்தேன். அவனும் பத்தியில் திணறினான். எனக்கு அடிவயிறு கலங்கியது, அதைத் தனியாக ஒரு கடிதத்தில் புலம்புகிறேன். ஆனால் இவன் ஆங்கிலத்தில் தடித்தடிப் புத்தகமாக வாசித்துத் தள்ளுகிறான். அந்தப் பையனுக்கு வேறு மொழி எது? தமிழில் வாசிக்க வராவிட்டால் அவனுக்கு அறிவியலும் இல்லை, சமூக அறிவியலும் இல்லை, பேருந்துப் பலகையும் இல்லை.

இப்போது சொல், அவனுக்கு டிவித் திரை என்ன செய்யும்? ஒப்பிக்க இன்னொரு பொருள் கிடைக்கும்.

நான் கேட்பது இதுதான். கொரோனாவுக்குப் பிறகு இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டத்தில் மாலை வகுப்பு எடுத்த பெண் ஒருத்தி அந்த ஊரிலேயே இருக்கிறாள். தலைமையாசிரியரிடமும் பேசிவிட்டேன், சாயங்காலம் ஒரு வகுப்பறையைத் திறந்துவிடுகிறேன் என்றார். மூன்று, நான்கு, ஐந்து வகுப்புப் பிள்ளைகளை வகுப்புப்படி இல்லாமல், எழுத்தில் நிற்பவர்கள், சொல்லில் நிற்பவர்கள், பத்தி வாசிப்பவர்கள் என்று பிரித்து உட்காரவைத்து தினம் ஒரு மணி நேரம். பிரதம் பல மாநிலங்களில் இப்படிச் செய்து பார்த்திருக்கிறது. 2019இல் நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் பல ஆண்டு கூடவே நின்று சோதித்து, பலன் இருக்கிறது என்று காட்டினார்கள். நமக்கு ஆகும் செலவு அந்தப் பெண்ணுக்கு மாதாமாதம் ஒரு தொகை, கதைப் புத்தகங்கள், பாய், கரும்பலகை. நீ சொன்ன திரையின் விலைக்கு இது ஒரு வருடத்துக்குத் தாங்கும். தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் அதே மாதிரித் தாளைக் கொடுத்து யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று குறித்து, அம்மாக்களை வரவழைத்துக் காட்டலாம். பெயர்ப் பலகை வேண்டாம் சரோ, கெஞ்சிக் கேட்கிறேன்.

உமாபதியை நீ சமாளி, நீ சொன்னால் அவன் எந்த விரலையும் மடக்குவான். குழுவில் முடிவு எடுப்பதற்கு முன்னால் எனக்கு ஃபோன் பண்ணு, இங்கே இரவு ஒன்பதுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும். மீன் மசாலா அடுத்த வாரம் அனுப்புகிறேன், இந்தத் தடவை உன் சுங்கத்தில் பிடிக்காத மாதிரி கட்டச் சொல்லியிருக்கிறேன்.

உன்
மல்லி