‘நாளை மறுநாள்’ என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இதழில் வந்த பழைய ஆங்கிலச் சொற்கள் பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன், ஆனால் அதில் நாளை மறுநாளைக் குறிக்கும் ‘ஓவர்மாரோ’ விட்டுப்போனது எனக்கு வருத்தம். நாளை மறுநாள் என்று நாம் சட்டென்று சொல்வதற்கு இன்றைய ஆங்கிலத்தில் நான்கு சொற்களைக் கோக்க வேண்டியிருக்கிறது. 1535இல் மைல்ஸ் கவர்டேல் வெளியிட்ட ஆங்கில பைபிளில் அதற்கு அந்த ஒரே சொல் போதுமானதாக இருந்தது. ஜெர்மனில் இன்றும் ‘யூபர்மோர்கன்’ என்று அன்றாடம் பேசுகிறார்கள். முந்தாநாளுக்குக்கூட ‘எர்யெஸ்டர்டே’ இருந்ததே! இவ்வளவு வசதியான சொற்களை ஒரு மொழி எப்படித்தான் கைவிட்டதோ.

அப்புறம் ‘ஃபோர்ட்நைட்’. இரண்டு வாரம் என்று மட்டும் பொருள் போட்டு நகர்ந்துவிட்டீர்கள். அது ‘ஃபோர்டீன் நைட்ஸ்’, அதாவது பதினான்கு இரவுகள், பேசிப் பேசித் தேய்ந்து ஒட்டிக்கொண்ட சொல். ஏழு இரவுக்கு ‘சென்னைட்’ என்று இதன் தம்பி ஒன்றும் இருந்தது, இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் காலம்வரை புழங்கியது, இப்போது அகராதியில்தான் பார்க்கலாம். பகலை விட்டு இரவை ஏன் எண்ணினார்கள் என்றால், பழைய ஜெர்மானிய மக்களின் வழக்கம் அது. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் கி.பி. 98 வாக்கிலேயே இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

அடுத்த முறை பொருளோடு சேர்த்து, சொல் எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரியாவது போடுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தக் கதைதான் மனதில் நிற்கும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்