பெட்டிக்குள் கிடந்த குரல்

ஆசிரியருக்கு,

கவ்வாலி என்னும் சூஃபி பக்தி இசையின் மேதை நுஸ்ரத் ஃபதே அலி கான் 1990-இல் இங்கிலாந்தின் ரியல் வேர்ல்ட் ஸ்டுடியோவில் பாடிப் பதிவான நாடாக்கள், 2021-இல் காப்பகத்தை இடம் மாற்றும்போது கையில் கிடைத்தன. 2024 செப்டம்பரில் இசைத்தட்டாகவும் வந்துவிட்டன. நான்கே பாடல்கள், ஒன்று அதுவரை எந்தப் பதிவிலும் வராதது. தம்பி ஃபர்ருக்கின் ஆர்மோனியத்தோடு கைதட்டல் சேர்ந்துகொள்ள, குரல் படிப்படியாக உச்சத்துக்கு ஏறும்போது எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. 1997-இல், 48 வயதிலேயே மறைந்த மனிதர் பக்கத்து அறையில் உட்கார்ந்து பாடுகிறார்! ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்துப் பாழாகிவிடும் பொருள் நாடா. பழைய ஸ்டுடியோக்களைக் காலி செய்பவர்கள், பெட்டிகளை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வெளியே போடுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

- ஒரு வாசகர், திருநெல்வேலி