ராமநாதபுரத்துல ஒரு டேபிள் போடுங்க சார்: வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்குறத கண்காணிக்கிற அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, வணக்கம்.

ஏர்வாடிக்கும் பெரியபட்டினத்துக்கும் நடுவுல ஒரு கடலோர ஊர்ல இருந்து எழுதுறேன். 61 நாள் தடைக்காலம், அது முடிஞ்சு கடலுக்குப் போனா இலங்கை நேவி, இதுல எங்க பசங்க ஏன் பாஸ்போர்ட் எடுக்குறாங்கன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

என் தம்பி போட் இஞ்சின் மெக்கானிக். போன தை மாசம் ஒரு ஏஜென்ட் வந்தாரு, ஏஜென்ட்னா போர்டு எல்லாம் கிடையாது, டீக்கடை பெஞ்சுதான் ஆபீஸ். குவைத்துல அரிஃப்ஜான் கேம்ப், அமெரிக்கா மிலிட்டரி கேம்ப், ஆனா நமக்கு துப்பாக்கி தூக்குற வேலை இல்ல, சிவிலியன் கான்ட்ராக்ட், கிச்சன் ஹெல்பர், ரெண்டு வருஷம், மாசம் 140 தினார், ரூமு சாப்பாடு ஃப்ரீ. ஒன்றரை லட்சம் ஆகும்னாரு. தம்பி சம்சாரம் கழுத்துல கெடந்தது அடகுக்கடைக்குப் போச்சு. மெடிக்கல், பிசிசிங்கிற போலீஸ் சர்டிபிகேட், விசா ஸ்டாம்பிங் எல்லாம் வரிசையா நடந்ததால எங்களுக்கு சந்தேகமும் வரல. பாஸ்போர்ட்டையும் விசா பேப்பரையும் மட்டும் கடைசி வரைக்கும் கையில குடுக்கல, கேட்டா "ஏர்போர்ட்ல தர்றேன்ப்பா, தொலைச்சிருவீங்க"ன்னு ஒரே பதில்.

திருச்சி ஏர்போர்ட் வாசல்ல ராத்திரி ஒரு பிரவுன் கவர நீட்டுனாரு. தம்பி உள்ள போற அவசரத்துல பேப்பர போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிட்டுப் போயிட்டான். பூரா அரபி. மறுநாள் காலையில கீழக்கரையில குவைத்துல 22 வருஷம் இருந்துட்டு வந்த ஒரு பாய்ட்ட போன நீட்டுனேன். அவரு கண்ணாடி கூட போடல. "இது காதிம் விசாப்பா, 20-ம் நம்பர், வீட்டு வேலைக்கு. கம்பெனி வேலைன்னா சூன் விசா, 18-ம் நம்பர்ல வரணும்"னாரு. ரெண்டு செகண்டு. அந்த ரெண்டு செகண்டு எங்களுக்கு முந்துன நாள் கெடைக்கல.

இப்ப தம்பி குவைத்துல ஜஹ்ரா பக்கம் ஒரு வீட்டுல கார் கழுவுறான், வாசல் கழுவுறான், விருந்து நாள்ல அண்டா தூக்குறான். 70 தினார். வெளிய கம்பெனி வேலைக்குப் போயி மாட்டுனா ஊருக்கு ஏத்திவிட்ருவாங்க, ஏத்திவிட்டா அடகுக்கு யாரு வட்டி கட்டுறது.

அதனாலதான் கேக்குறேன், ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனுநாள்ல ஒரு டேபிள் போடுங்க. அரபி படிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் உக்காரட்டும். விசாவயும் கான்ட்ராக்டயும் பாத்து இது இன்ன வேலை, இவ்ளோ சம்பளம், இந்த ஏஜென்ட்டுக்கு லைசென்ஸ் இருக்கு இல்லன்னு தமிழ்ல சொன்னா போதும்.

சட்டம் இல்லன்னு சொல்லல. 1983 எமிகிரேஷன் சட்டப்படி பதிவு இல்லாதவன் ஆள் எடுக்கவே கூடாது, பதிவு இருந்தாலும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். இதவிட கூத்து, அமெரிக்கா கேம்ப் கான்ட்ராக்ட்ல வேலைக்கு வர்றவன்ட்ட ஆள் எடுக்குற கூலின்னு ஒத்த காசு வாங்கக்கூடாதுன்னு 2012லயே ஒபாமா உத்தரவு போட்டுருக்காரு. ஒன்றரை லட்சம் கேட்ட அன்னைக்கே அது டூப்புன்னு தெரிஞ்சிருக்கணும், ஆனா வாஷிங்டன்ல போட்ட உத்தரவு எங்க டீக்கடை வரைக்கும் வந்து சேரலையே. தம்பி பத்தாவது பாஸ், அதனால பாஸ்போர்ட்ல ஈசிஆர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி அரசாங்கம் செக் பண்ணணும்ங்கிற முத்திரை, கிடையாது, எமிகிரேஷன் கிளியரன்ஸ்னு ஒரு கேள்வியும் இல்லாம விட்டுட்டாங்க. பத்தாவது பாஸ் பண்ணவன ஏமாத்த முடியாதுன்னு கண்டுபிடிச்ச புண்ணியவான் யாருன்னு தெரியல, அவர ஒருநாள் எங்க டீக்கடைக்குக் கூட்டிட்டு வாங்க. 2024 ஜூன்ல குவைத் மங்காஃப் தீ விபத்துல செத்த 45 இந்தியரோட உடல் ஒரே ஃபிளைட்டுல வந்துச்சு, அதுல 7 பேரு தமிழ்நாடு. அப்ப பெட்டிய எறக்க ஏர்போர்ட்டுக்கு எல்லாரும் வந்தீங்க. ஏத்திவிடும்போதும் ஒரு ஆள் வரலாம்ல.

மன்னிக்கணும், கோவத்துல எங்கயோ போயிட்டேன். கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், தயவுசெஞ்சு வாரத்துக்கு ஒரு நாள் ஒரு டேபிள். டேபிள் சேருக்கு ஃபண்ட் இல்லன்னா நாங்களே தூக்கிட்டு வந்து போடுறோம்.

இத எழுதும்போது என் போன்ல இன்னொரு போட்டோ வந்து கெடக்கு. எங்க தெருப் பையன், அதே ஏஜென்ட், பெஞ்சுல பேப்பர விட்டுட்டு போன் பேச எந்திரிச்சுப் போன நேரத்துல எடுத்தானாம். இதுவும் அரபிதான். பாய் உம்ரா போயிருக்காரு, போன் கெடைக்கல, வர இன்னும் பத்து நாள் ஆகுமாம். பையனுக்கு வெள்ளிக்கிழமை ஃபிளைட்டு.

இப்படிக்கு,
அண்ணன்காரன் ஒருத்தன்