அன்டோனியோவைக் கட்டிப்பிடிக்க வைக்காதீர்கள்

திருகோணமலைப் பாடசாலைகளில் நாடகம் பழக்கும் ஆசிரியர்களுக்கும் போட்டி நடுவர்களுக்கும்,

வணக்கம். ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தைச் சுருக்கிப் போடும்போது கடைசிக் காட்சியில் மட்டும் கைவைக்காதீர்கள். 1926இல் ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களைத் தமிழருக்கு எடுத்துச் சொன்ன விபுலானந்த அடிகள், நம் ஊர் இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்தியவர். அவர் நடந்த ஊரில் ஷேக்ஸ்பியரை அரைகுறையாகப் போடலாமா?

மேடையில் புகை, மின்னல், தகரத்தைத் தட்டி எழுப்பும் இடி என்று புயலுக்கே பாதி நேரம் போய்விடுகிறது. அப்புறம் அவசர அவசரமாக அண்ணன் புரொஸ்பெரோவும் தம்பி அன்டோனியோவும் கட்டிப்பிடிக்க, திரை விழுகிறது.

மூலத்தில் அப்படி இல்லை. மிலான் ஆட்சியைப் பறித்து, அண்ணனையும் அவருடைய மூன்று வயது நிரம்பாத மகள் மிரண்டாவையும் படகில் ஏற்றிக் கடலில் விட்ட தம்பி அன்டோனியோ. 12 வருடம் கழித்து, புயலில் சிக்கி அண்ணன் வாழும் தீவுக்கே வந்த அவன் புரொஸ்பெரோவின் மந்திரத்தில் அகப்பட்டுக் கிடக்கிறான். அப்போது புரொஸ்பெரோவுக்கு ஏவல் செய்யும் ஆவியான ஏரியல் வந்து, அதே மந்திரத்தில் அகப்பட்ட கிழவர் கொன்சாலோவின் கண்ணீர் நாணல் கூரையில் மாரித்தண்ணீர் சொட்டுவதுபோல் தாடியில் வடிவதைச் சொல்கிறது. பார்த்தால் உங்கள் மனம் இளகும் என்கிறது. மனிதனாக இருந்தால் தன் மனமும் இளகும் என்கிறது. மனிதனே அல்லாத ஒன்று இப்படிச் சொன்ன பிறகுதான் புரொஸ்பெரோ பழியை விடுகிறான். இந்த இடத்தை வெட்டினால் மன்னிப்பு எங்கிருந்து வந்தது என்றே சபைக்குத் தெரியாது.

அன்டோனியோவுக்குத் துணைபோன நேப்பிள்ஸ் மன்னர் அலோன்சோ தானாகவே மன்னிப்புக் கேட்கிறார். அன்டோனியோ கேட்கவே இல்லை. சகோதரன் என்று அழைக்கவே வாய் கூசுகிறது என்று சொல்லித்தான் புரொஸ்பெரோ அவனை மன்னிக்கிறான், அதே மூச்சில் ஆட்சியைத் திருப்பிக் கேட்கிறான். தம்பியிடமிருந்து பதில் இல்லை. பிறகு புரொஸ்பெரோவின் அடிமையான, விகார உருவம் கொண்ட காலிபனைக் கண்டதும்தான் வாய் திறக்கிறான்: இது மீன், விற்கலாம் என்று.

காணி இழந்தவர்களும் காணாமல்போன பிள்ளையைத் தேடுபவர்களும் வாழும் ஊர் இது. மறந்துவிடு, மன்னித்துவிடு என்று அவர்களுக்குச் சொல்ல ஆட்கள் நிறையப் பேர். மன்னிக்கிறவன் பறிபோனதையும் கேட்கலாம் என்று நம் பிள்ளைகள் மேடையில் நின்று சொல்லட்டும்.

ஆசிரியர்களே, அன்டோனியோவாக வரும் பிள்ளையைப் பேசாமல் நிற்கப் பழக்குங்கள். நடுவர்களே, அந்த மௌனத்தை வசனம் மறந்ததாக எண்ணிப் புள்ளி குறைக்காதீர்கள்.

அன்புடன்,
திருகோணமலை நாடக ரசிகர் ஒருவர்