நானே திறந்துவிட்டேன்

அன்புள்ள மகனுக்கு,

நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்றதும், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொன்னாய் அல்லவா? வாங்கவில்லை. ரேம், அதாவது வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் மெமரி, அதை மட்டும் கூடப் போட்டேன், என் கையாலேயே.

முதலில் குறை எங்கே என்று பார்த்தேன். கம்ப்யூட்டரில் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வழக்கம்போல பிரவுசரில் ஏழெட்டு டேப் திறந்ததும் மெமரி 95 சதவீதத்தில் போய் நின்றது. ஹார்டு டிஸ்க் விளக்கு நிற்காமல் மினுங்கியது. இருந்த 4 ஜிபி ரேமில் இடம் போதாமல், அது எதையாவது டிஸ்கில் கொண்டுபோய் வைப்பதும் திரும்ப எடுப்பதுமாகத் திண்டாடியிருக்கிறது. சமையல் மேடை சின்னதாக இருந்தால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பரண் ஏறி இறங்குவது மாதிரி.

அதே பக்கத்திலேயே ரேம் செருகும் இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி, ரேமின் வேகம் 2400 என்றும் இருந்தது. ரேமில் டிடிஆர்3, 4, 5 என்று தலைமுறைகள் உண்டு; இது டிடிஆர்4 என்பதை, எல்லாம் பொருந்தியிருக்கும் பெரிய போர்டான மதர்போர்டின் மாடல் எண்ணை வைத்து உறுதி செய்துகொண்டேன். மாற்றி வாங்கினால் நுழையவே நுழையாது. டிடிஆர்3-க்கு 240 பின், இதற்கு 288. டிடிஆர்5-க்கும் 288தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். லேப்டாப் ரேம் நீளத்தில் பாதிதான். 8 ஜிபி, 2666 வேகம் உள்ளதாக வாங்கினேன். பழையதோடு சேர்ந்தால் இதுவும் 2400-க்கு இறங்கித்தான் ஓடும். பரவாயில்லை, எனக்கு வேண்டியது இடம்.

பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்தி மிச்ச மின்சாரத்தையும் போக்கினேன். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும் என்பதால் கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் ரேமைக் கையில் எடுத்தேன். ஓரத்தைத்தான் பிடித்தேன், தங்க நிறப் பற்களில் விரல் படவில்லை.

பயந்தது அழுத்தும்போதுதான். போர்டு லேசாக வளைந்தது. உடைந்துவிடுமோ என்று பாதியில் கையை எடுத்துவிட்டேன். ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு. உனக்குப் போன் செய்யலாமா என்று எடுத்து, வைத்துவிட்டேன். நீ சிரிப்பாய்.

மறுபடி பிளக்கைப் பிடுங்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பக்கக் கிளிப் மூடியிருந்தது, மறுபக்கம் பாதியில் நின்றது. ரேமை வெளியே எடுத்து, வெட்டைச் சரியாகப் பொருத்தி, இரண்டு கட்டைவிரலாலும் இரண்டு முனையிலும் நன்றாக அழுத்தினேன். டக், டக். இரண்டு சத்தம் கேட்க வேண்டுமாம், நான் ஒன்றோடு விட்டிருந்தேன்!

திரை வந்தது. 12 ஜிபி என்று காட்டியது. இப்போது அதே டேப்கள் திறந்திருக்க, மெமரி பாதியைக்கூடத் தொடவில்லை, டிஸ்க் விளக்கும் எப்போதாவதுதான் மினுங்குகிறது.

ஆனால் காலையில் ஆன் ஆகிவர இன்னமும் பழைய நேரம்தான் பிடிக்கிறது. அது ரேம் வேலை இல்லை, ஹார்டு டிஸ்கின் வேலை. நீ எட்டாவது படிக்கும்போது இந்தப் பெட்டியைப் போலவே ஒன்றைப் பிரித்து வைத்ததற்கு உன்னைத் திட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? அடுத்த தடவை நீ வரும்போது ஹார்டு டிஸ்குக்குப் பதில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டுவிடலாம். ஸ்க்ரூவை நான் கழற்றுகிறேன், நீ டார்ச் பிடி.

அம்மா