பணத்தோடு பிஸ்கட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செங்கோட்டைப் பக்கம் எங்கள் பகல்நேர மையத்தில் வருஷா வருஷம் நடக்கும் பிஸ்கட் விற்பனை பற்றி உங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி நடக்கிற ஒரு சின்ன ஊர் நிகழ்ச்சிக்கு அவ்வளவு இடம் கொடுத்ததற்கு முதலில் நன்றி. என் தம்பி அந்த மையத்துக்குப் போகிறவன், அறிவுசார் குறைபாடு உள்ளவன், அந்த பிஸ்கட்டுகளைச் செய்கிறவர்களில் ஒருவன், அதனால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்துதான் வாசித்தோம். அதில் ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். பலர் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு பிஸ்கட்டை வாங்காமலேயே பெருந்தன்மையோடு சென்றார்கள் என்று பாராட்டி எழுதியிருந்தீர்கள். ஐயா, அந்தப் பெருந்தன்மைதான் எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்த வருஷமாவது பிஸ்கட்டையும் கையில் வாங்கிக்கொண்டு போங்கள் என்று உங்கள் வாசகர்களிடம் சொல்ல வேண்டும்.

ஊருக்குத் தெரிவது அந்த ஒரு வாரம்தான். வேலை புரட்டாசியிலேயே ஆரம்பித்துவிடும். சிறப்பு ஆசிரியர்கள் எந்த வேலையையும் துண்டு துண்டாகப் பிரித்துத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். மாவு எடுத்து வை என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், அங்கே அது கை கழுவு, துடை, தராசை வை, அதன் மேல் கிண்ணத்தை வை, பூஜ்யம் வருகிறதா பார், சிவப்புக் கோடு வரை மாவைப் போடு என்று ஒவ்வொன்றும் படம் வரைந்த தனி அட்டையாகச் சுவரில் தொங்கும், ஒன்று கைவந்த பிறகுதான் அடுத்த அட்டைக்குப் போவார்கள். சிலருக்கு ஒரு அட்டைக்கே பல வாரம் ஆகும். ஆனால் ஒருமுறை பிடிபட்டுவிட்டால் அப்புறம் அதில் பிசகு வராது.

கணக்கு ரொம்ப எளிது. மூன்று பங்கு மாவுக்கு இரண்டு பங்கு வெண்ணெய், ஒரு பங்கு பொடித்த சீனி, எல்லாம் எடைக்கணக்கில், கொஞ்சம் ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. முட்டை கிடையாது, அதனால் மாலை போட்டிருக்கிறவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம். வெண்ணெயையும் சீனியையும் நன்றாகக் குழைத்துவிட்டு மாவைச் சேர்த்த பிறகு அதிகம் பிசையக்கூடாது, பிசைந்தால் மாவில் இழுவை வந்து பிஸ்கட் கல்லு மாதிரி ஆகிவிடும். உருட்டித் தேய்க்கும்போது இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் மரச்சட்டம் வைத்து அதன் மேல் பூரிக்கட்டை ஓடும்படி செய்திருக்கிறார்கள், யார் தேய்த்தாலும் கனம் மாறாது, கனம் மாறாததால் ஒரே ட்ரேயில் ஒன்று கருகி இன்னொன்று வேகாமல் கிடக்கிற தொல்லையும் இல்லை. என் தம்பி அச்சு வெட்டுகிறவன். ஓரத்திலிருந்து ஆரம்பித்து ஒன்றோடு ஒன்று உரசுகிற தூரத்தில் வெட்டிக்கொண்டே வருவான், மிச்சம் விழுகிற மாவு ஒரு கைப்பிடிகூட இருக்காது. மாவைத் திரும்பத் திரும்ப உருட்டினால் அந்த பிஸ்கட்டு கெட்டியாகிவிடும் என்பதால் மிச்சம் குறைவாக விழுவது பெரிய விஷயம். அவனை அவசரப்படுத்தினால் மட்டும் அச்சைக் கீழே வைத்துவிடுவான்.

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பெண் அங்கே இருக்கிறாள். கை சொன்னபடி கேட்காது, பேச்சும் குழறும், ஓவனுக்குப் பொறுப்பு அவள்தான். 170 டிகிரி சூடு, பதினைந்து நிமிஷத்துக்கு முன்னே பின்னே. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்து ஓரம் பொன்னிறமானதும் "எடு" என்பாள். நடுவில் மெத்தென்று இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும், ஆறும்போதுதான் முறுமுறுப்பு வரும். அந்த வாரத்தில் உதவிக்கு வருகிற வெளியாட்கள் தொட்டுப் பார்த்துவிட்டு இன்னும் வேகவில்லையே என்று திரும்ப உள்ளே தள்ளப் பார்ப்பார்கள், அவள் சத்தம் போட்டுத் தடுப்பாள். கருகிப்போன ட்ரேக்களில் பெரும்பாலானவை அவள் பேச்சைக் கேட்காதவர்களால் கருகியவை. வலிப்பு வரக்கூடியவர்களை ஓவன் பக்கம் விடுவதில்லை, அவர்கள் எடை போட்டு பாக்கெட் கட்டி லேபிள் ஒட்டுகிறார்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் எங்கள் மலையடிவாரத்தில் துணியே காயாது, பிஸ்கட் எப்படி முறுமுறுப்பாக இருக்கும்? நன்றாக ஆறியவுடனே, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல், காற்றுப் புகாத டின்னில் போட்டு மூட வேண்டும், சூட்டோடு மூடினாலும் நமத்துப்போகும், ஆறிய பிறகு திறந்து வைத்தாலும் நமத்துப்போகும். அந்த நேரத்தைக் கணிக்கிற ஆளும் அவர்களில் ஒருவர்தான்.

இவ்வளவும் நடந்து பாக்கெட் மேஜைக்கு வருகிறது. நூறு ரூபாய் பாக்கெட். ஒருவர் காரில் வந்து இறங்குகிறார், ஐந்நூறு ரூபாயை நீட்டுகிறார், தம்பி பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கப் போகிறான், "வேண்டாம்ப்பா, நீங்களே சாப்பிடுங்க" என்று அவன் தோளில் தட்டிவிட்டுப் போய்விடுகிறார். நல்ல மனசோடுதான் சொல்கிறார், எனக்கும் தெரியும். ஆனால் சாயங்காலம் கணக்குப் பார்க்கும்போது பணப்பெட்டி நிறைந்திருக்கிறது, மேஜையில் பாக்கெட்டுகள் அப்படியே அடுக்கி இருக்கின்றன. பாக்கெட் எண்ணுவது இவர்களுக்கு ஆசிரியர்கள் பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்த கணக்கு. எத்தனை செய்தோம், எத்தனை போனது, எத்தனை மிச்சம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். "நல்லா இல்லையாக்கா?" என்று அவன் கேட்டால் என்ன பதில் சொல்ல? பணம் வந்துவிட்டதே என்று சொன்னால் அது அவன் கேட்டதற்குப் பதில் ஆகாது.

மனவருத்தம் மட்டும் என்றால்கூட இதைப் பத்திரிகைக்கு எழுதியிருக்க மாட்டேன். அடுத்த வருஷம் எத்தனை கிலோ மாவு வாங்குவது என்று முடிவு செய்யும்போது யாரும் பணப்பெட்டியைப் பார்த்து முடிவு செய்வதில்லை, போன பாக்கெட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். பாக்கெட் தேங்கினால் மாவு குறையும், மாவு குறைந்தால் வேலை நாள் குறையும், வேலை நாள் குறைந்தால் சுவரில் இருக்கும் அந்த அட்டைகளைப் பழகுவதற்கு வாய்ப்பே இருக்காது. பிஸ்கட் வேண்டாம் என்று சொல்கிறவர் தனக்குத் தெரியாமலேயே ஒருவருடைய வேலையைக் குறைத்துவிட்டுப் போகிறார். அப்புறம், சாப்பிடாதவர் குறை சொல்லமாட்டார். குறை சொல்ல ஆளில்லாத பொருள் எப்படித் தேறும்?

இதற்கு எனக்குத் தெரிந்து நல்ல உதாரணம் எங்கள் பக்கத்து டீக்கடைக்காரர்தான். ஒரு வருஷம் வாங்கிப்போனவர் மறுநாளே திரும்பி வந்து, டீயில் முக்கினால் பாதி பிஸ்கட் கிளாஸுக்குள் விழுந்துவிடுகிறது, இதை நான் கடையில் வைக்க முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டார். எங்களில் சிலருக்குச் சுருக்கென்று இருந்தது. ஆசிரியைகள் உட்கார்ந்து பேசி, கடைக்கென்று தனியாக வெண்ணெயைக் கொஞ்சம் குறைத்து, மரச்சட்டத்தைக் கனமானதாக மாற்றி, சூட்டைத் தணித்துச் சில நிமிஷம் கூடுதலாக வேகவிட்டுப் பார்த்தார்கள். இப்போது வாராவாரம் அவருக்கு ஒரு டின் போகிறது. அவர் ஒருநாளும் இரக்கப்பட்டுப் பேசியதில்லை, டின் தாமதமானால் போன் போட்டுத் திட்டுவார். எங்கள் எல்லோருக்கும் அவர் மேல் அவ்வளவு மரியாதை.

சிலர் சுத்தமாக இருக்குமா என்ற தயக்கத்தில்தான் பாக்கெட்டை விட்டுப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும், வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கேட்டால் நல்லது. தலையில் தொப்பி, கையில் உறை இல்லாமல் யாரும் அந்த அறைக்குள் நுழைய முடியாது, உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சாகியிருக்கிறது, எந்த நாளும் வந்து நேரில் பார்க்கலாம்.

இந்தப் பணம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்காக ஒரு விஷயம். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 6 வயதிலிருந்து 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. 18 முடிந்ததும் பள்ளிக்கூடம் முடிகிறது, அதற்குப் பிறகு பெரும்பாலான வீடுகளில் திண்ணையும் டிவியும்தான், கூட ஒருவர், அநேகமாக அம்மா, வீட்டோடு இருந்தாக வேண்டும். அரசு தருகிற மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை பெரிய ஆறுதல், மறுக்கவில்லை. 2019-ல் தென்காசி தனி மாவட்டமான பிறகு சான்றிதழுக்கும் மனுவுக்கும் திருநெல்வேலி வரை அலைவதும் இல்லை. ஆனால் காலையில் எழுந்து குளித்துக் கிளம்பிப் போவதற்கு ஒரு இடம் வேண்டுமே, அந்த இடம்தான் மையம். வேனுக்கு டீசல், ஆசிரியர் சம்பளம், பிசியோதெரபி எல்லாவற்றுக்கும் இந்த விற்பனையும் கைகொடுக்கிறது. செய்தவர்களுக்கும் ஒரு பங்கு அவரவர் வங்கிக் கணக்கில் போகிறது. தம்பி போன தடவை வந்த பணத்தில் அம்மா போனுக்கு ரீசார்ஜ் செய்து கொடுத்தான், அந்த மாதம் முழுக்க யார் போன் செய்தாலும் அம்மா அதைச் சொல்லாமல் வைக்கவில்லை.

இவர்களால் என்ன முடியும் என்று நம் பகுதிக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. பக்கத்து ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1975-ல் கடற்படைத் தேர்வில் ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர், 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தபோது இந்த வட்டாரமே கொண்டாடியது. அப்படிப்பட்ட ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு, இவர்கள் சுட்ட பிஸ்கட்டைச் சாப்பிட நாம் யோசிக்கலாமா?

இன்னொரு சிக்கல் எல்லையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் உள்ளது. எங்கள் மையத்துக்கு எல்லை தாண்டி, கேரளத்தின் ஆரியங்காவுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அங்கே அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக, 2004-ல் திருவனந்தபுரம் பக்கத்து வெங்ஙானூரில் தொடங்கி ஊராட்சிகள் நடத்துகிற பட்ஸ் பள்ளிகள் உண்டு, 18 வயது தாண்டியவர்களுக்கு மறுவாழ்வு மையங்களும் உண்டு, நல்ல ஏற்பாடு, ஆனால் வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அதுவும் பேச்சு தாமதமாக வந்த பிள்ளைக்கு, மலையாளத்தில் பயிற்சி கொடுத்தால் இரட்டைச் சுமை என்று பெற்றோர் இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். அந்தக் குடும்பங்கள் மூலமாக அந்தப் பக்கத்துக் கடைகளிலிருந்தும் ஆர்டர் கேட்கிறார்கள், எங்களால் அனுப்ப முடியவில்லை. பிஸ்கட்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது சரி. ஆனால் 40 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை பதிவு வேண்டாம் என்ற சலுகை மாநிலத்துக்குள் விற்பவர்களுக்குத்தான். மலை தாண்டி அடுத்த மாநிலக் கடைக்கு ஒரு டின் அனுப்பினாலும் பதிவு கட்டாயம், பதிவு செய்தால் கணக்கு தாக்கல், அதற்கு ஒரு ஆள், அவருக்குக் கூலி. வீட்டுக்கு என்று நேரில் வந்து வாங்கிப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கைவினைப் பொருட்களுக்கு இதில் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் கையால் செய்கிற தின்பண்டத்துக்கும் அதே விலக்கைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? எங்கள் எம்.பி. இதை டெல்லியில் கேட்க வேண்டும், உங்கள் நாளிதழும் எழுத வேண்டும்.

நகராட்சியிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. அதே 2016 சட்டத்தின் 37-வது பிரிவு, தொழில் நடத்தச் சலுகை விலையில் ஒதுக்கும் நிலத்தில் 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று சொல்கிறது. எங்களுக்குப் பெரிய இடம் வேண்டாம். பஸ் ஸ்டாண்டிலோ புளியரை ரோட்டு ஓரத்திலோ ஒரு பெட்டிக்கடை அளவு இடம் போதும். கார்த்திகை ஒன்றிலிருந்து தை வரை ஐயப்ப பக்தர்களின் வேன் ராத்திரி பகல் இல்லாமல் அந்த வழியாகப் போகிறது, ஆனி ஆடியில் சாரல் சீசனுக்குக் குற்றாலத்துக்குக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். வருஷத்தில் ஒரு வாரம் பந்தல் போட்டு, விருந்தினர் வந்து ட்ரேயைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போவதைவிட அந்தப் பெட்டிக்கடை எங்களுக்குப் பல மடங்கு உதவும். போட்டோ என்றதும் ஞாபகம் வருகிறது, நீங்கள் போட்ட படத்தில் பிஸ்கட் செய்தவர்கள் ஒருவர்கூட இல்லை. அடுத்த முறை நிருபரைச் சமையலறைக்குள் அனுப்புங்கள், படம் எடுக்கலாமா, பெயர் போடலாமா என்று அவர்களிடமே கேட்கச் சொல்லுங்கள், சம்மதமா இல்லையா என்று அவர்களே சொல்வார்கள்.

கடைக்காரர்கள், பள்ளிக்கூடங்கள், கூட்டம் நடக்கிற ஆபீஸ்கள், கல்யாண வீடுகள் யாராக இருந்தாலும் இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதும், வெண்ணெய் பிஸ்கட், கேப்பை பிஸ்கட் இரண்டும் செய்து தருகிறார்கள். கேப்பையிலும் கருப்பட்டி சேர்ப்பதால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவோடு சாப்பிட வேண்டும். சாப்பிட்டுப் பார்த்துவிட்டு இனிப்பு கூடுதல், ஏலக்காய் போதவில்லை என்று எது இருந்தாலும் மையத்தில் வந்து சொல்லுங்கள், எழுதி வைக்க அங்கே ஒரு நோட்டு போட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புளியரை