ஸ்பெயினின் ஜனநாயகம் அரசர் தந்த வரமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

1975 நவம்பர் 20இல் சர்வாதிகாரி பிராங்கோ இறந்தார், அரசர் ஹுவான் கார்லோஸ் ஜனநாயகத்தைக் கொடுத்தார் என்று சென்ற இதழின் ஸ்பெயின் கட்டுரை இரண்டே வரியில் கதையை முடித்துவிட்டது. தேர்தல் நடந்தது 1977 ஜூன் 15இல். இடைப்பட்ட காலத்தில்தான் விஷயமே இருக்கிறது.

முதல் ஏழு மாதம் பிராங்கோவின் கடைசிப் பிரதமர் அரியாஸ் நவாரோவே நீடித்தார். உருப்படியாக எதுவும் நடக்கவில்லை. 1976 ஜூலையில் அடோல்ஃபோ சுவாரெஸ் பிரதமராக வந்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. ஆட்சியின் அடிப்படைக் கொள்கைகள் என்றைக்கும் மாற்ற முடியாதவை என்றது 1958ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அடிப்படைச் சட்டங்களைத் திருத்தவும் நீக்கவும் 1947ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவில் வழி இருந்தது: நாடாளுமன்ற ஒப்புதல், அதன்பின் பொதுவாக்கெடுப்பு. நாடாளுமன்றத் தலைவர் ஃபெர்னாண்டஸ் மிராண்டா சட்டப் பேராசிரியர். அவர் பற்றிக்கொண்டது இந்தப் பிரிவைத்தான்.

இந்த வழியில் வந்த, தேர்தலுக்கு வழிவிடும் அரசியல் சீர்திருத்த மசோதாவில் மொத்தமே ஐந்து பிரிவுகள். பிராங்கோ கால நாடாளுமன்றத்தின் வழக்கமான குழு நடைமுறையில் போனால் கந்தலாகித்தான் திரும்பும். எனவே அவசர நடைமுறையில் அவைக்குக் கொண்டுவந்தார். நவம்பர் 18 அன்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, எல்லோர் காதிலும் விழும்படி வாக்களிக்க வைத்தார்கள். ஆதரவு 425, எதிர்ப்பு 59, நடுநிலை 13. ரகசிய வாக்கெடுப்பு என்றால் இந்த எண்ணிக்கை வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். டிசம்பர் 15 பொதுவாக்கெடுப்பில் சுமார் 94 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள்.

இதற்கு விலையும் உண்டு. பிராங்கோவின் பழைய அமைச்சர்கள் சேர்ந்து தொடங்கிய அலியான்சா பாப்புலர் கட்சி, வாக்கு விகிதப்படி இடம் தரும் விகிதாசார முறையே வேண்டாம் என்றது. அவர்களைச் சமாதானப்படுத்த, விகிதாசாரம் உண்டு, ஆனால் அதைக் கட்டுப்படுத்தும் விதிகளும் உண்டு என்று சட்டத்திலேயே எழுதினார்கள். மக்கள்தொகை எவ்வளவு குறைவானாலும் மாகாணத்துக்குக் குறைந்தது இரண்டு இடம் என்றானது. விளைவு: சுவாரெஸின் கட்சி 34 சதவீத வாக்கில் 350க்கு 165 இடங்களைப் பிடித்தது, 9 சதவீதத்துக்கு மேல் வாங்கிய கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்தது 20. கம்யூனிஸ்ட் கட்சியை ஏப்ரலில்தான் சட்டபூர்வமாக்கியிருந்தார்கள். அதை எதிர்த்துக் கடற்படை அமைச்சர் பதவி விலகியதையும் கட்டுரை சொல்லவில்லை.

பெரிய விடுபடல், 1977 அக்டோபர் 15இன் பொதுமன்னிப்புச் சட்டம். அரசியல் கைதிகளின் விடுதலைக்காக இடதுசாரிகள் கேட்டு வாங்கிய சட்டம் அது. வாக்களிக்காமல் ஒதுங்கியது அலியான்சா பாப்புலர்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் 2ஆம் பிரிவின் கடைசி இரண்டு உட்பிரிவுகள், சர்வாதிகாரக் காலத்தில் அத்துமீறிய அதிகாரிகளுக்கும் காவலர்களுக்கும் சேர்த்தே மன்னிப்பு அளித்தன. பிராங்கோ காலக் குற்றங்களுக்கு நீதி கேட்ட குடும்பங்கள் 2010இல் அர்ஜென்டினா நீதிமன்றம் வரை போனதற்கு முக்கியக் காரணம் இதுதான். கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால், இந்த இரண்டு உட்பிரிவுகளிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

— ஒரு வாசகர், தஞ்சாவூர்